கோடியக்கரையை எடுத்துவிட்ட பட்டியல்

“அங்க பார்க்க என்ன சார் இருக்கு?” நிதிக் கோப்பைப் பார்க்கும் மேலதிகாரி மேடம் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. நல்ல பதிலாக ஒன்று கிடைத்தால் எழுதிக்கொள்ளலாம் என்பது போல, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்டார். அதட்டிக் கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி அன்றோடு மறந்திருப்பேன்.

கேள்வி கோடியக்கரையின் பழைய கலங்கரை விளக்கத்தைப் பற்றியது. சோழர் காலத்தது என்று ஊரே சொல்லும் கட்டடம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் போய்விட்டது. அடிப்பகுதிச் செங்கல்தான் மிச்சம். எங்கள் கடற்கரை வரலாற்றுத் தடத்தில் பராமரிப்பு நிதி கேட்கும் இடங்களின் பட்டியலில் அதற்கு மேல்வரி நாகப்பட்டினத்தின் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம். அங்கே செங்கல்கூட இல்லை. படிவத்தின் கடைசிக் கட்டம் பார்வையாளர் எண்ணிக்கை. தரங்கம்பாடிக்கு நேரே கௌரவமான எண் இருந்தது. நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் கேட்கவே வேண்டாம். இந்த இரண்டுக்கு நேரே மட்டும் வெறும் கோடு. கோடியக்கரைக்கு மானும் பறவையும் பார்க்க வருகிற கூட்டம் வனத்துறைக் கணக்கில் சேர்ந்துவிடும், நம் தடத்தின் கணக்கில் வராது.

நான் பேசாமல் இல்லை. இந்தக் கரையில் இடியாமல் நிற்பதை மட்டும் காட்டினால் வரலாறே மாறிவிடும் மேடம் என்றேன். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620-இல் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கட்டிய கோட்டை நிற்கிறது, பழுதும் பார்க்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கூப்பிடு தூரத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அங்கிருந்து தெற்கே நாகையில், ஸ்ரீவிஜய மன்னர் 1006-ஐ ஒட்டி எழுப்பிய விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடுகள் நெதர்லாந்தின் லைடனுக்குப் போய்ச் சேர்ந்தன. விகாரத்தில் எஞ்சி நின்ற கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. மண்ணுக்குள்ளிருந்து 350-க்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்த ஊர் அது. நிற்பதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிற பிள்ளை, இந்தக் கடற்கரைக்குக் கப்பல் வந்ததே 1620-இல்தான் என்று நினைத்துக்கொள்ளாதா?

மேடம் முழுக்கக் கேட்டார். “நீங்க சொல்றது நியாயம்தான். அதை எந்தக் கட்டத்துல எழுதுறது சொல்லுங்க” என்றார். பிறகு, “இந்த ரெண்டையும் பராமரிப்புலேருந்து எடுத்துட்டுக் குடுங்க. மத்ததுக்கெல்லாம் நிதி தொடர்றதுக்கு நான் பொறுப்பு.”

“சரிங்க மேடம்” என்றேன்.

அந்த ‘சரிங்க’வைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கோப்பு மேலே போயிருக்காது. நிதியாண்டு முடிந்தால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போகும், திரும்பிப் போன பணம் அடுத்த வருடம் தேவையில்லாத பணம் என்று ஆகிவிடும். தரங்கம்பாடியில் வழிகாட்டிகளாக இருக்கும் பெண்களுக்கு மதிப்பூதியம் நின்றிருக்கும். இரண்டைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றினேன். அதே நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்று இப்போதும் சொல்வேன்.

ஆனால் பூம்புகார் நினைவுக்கு வரும்போது இந்த நியாயம் ஆட்டம் காண்கிறது. பழைய புகாரிலும் பார்க்க என்ன இருக்கிறது? ஊரைக் கடல் கொண்டது என்பதுதானே அதன் கதை. அங்கே 1973-இல் எழுநிலை மாடமாகச் சிலப்பதிகாரக் கலைக்கூடம் கட்டினார்கள். அதனால் அந்த வரிக்கு நேரே எண் இருந்தது, யாரும் கேள்வி கேட்கவில்லை. இல்லாத ஊரைக் காட்ட அரசாங்கமே ஒரு வழி செய்த பிறகுதான் ஜனங்கள் வந்தார்கள். ஆள் வந்தால்தான் பணம் என்கிறோம். பணம் போட்ட பிறகு ஆள் வந்த ஊர் நம் பட்டியலிலேயே முதல் வரியில் இருந்தது. இந்த வாதம் அன்றைக்கு வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் மேடம் எந்தக் கட்டத்தில் எழுதியிருப்பார்?

கோடியக்கரையில் நம் பலகையைப் பார்த்துக்கொண்ட தம்பி கடலுக்குப் போகிறவர். அங்கே உப்புக்காற்றில் எதுவும் தாங்காது. பலகையின் போல்ட்டுகளுக்குப் படகு எஞ்சினின் கழிவு ஆயிலைத் துணியில் நனைத்துத் தடவி வைப்பார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சட்டத்தின் கீழ்முனையில் மட்டும் பெயிண்ட் கொப்பளித்திருக்கும், அதை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி பூசுவார். பள்ளிப் பிள்ளைகள் வந்தால், அந்த விளக்கம் இருந்த காலத்தில் தன் தாத்தா கடலிலிருந்து எந்தக் கோணத்தில் அதைப் பார்த்துக் கரை பிடித்தார் என்று கை நீட்டிக் காட்டுவார். சிறிய மதிப்பூதியம்தான் கொடுத்தோம். அது நின்றதைச் சொல்லப் போனபோது அவர் காசைப் பற்றிக் கேட்கவில்லை.

“அப்ப நம்ம ஊரு லிஸ்ட்ல இல்லையாண்ணே?”

“பலகை இருக்கும்ப்பா” என்றேன். பொய் இல்லை. தகவல் பலகை என்ற அளவில் இரண்டு ஊரும் வரைபடத்தில் இருக்கின்றன. ஆயில் இன்னும் அவர்தான் தடவுகிறார், சம்பளம் இல்லாமல். அதைக் கேள்விப்பட்டபோது சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. ஊர்க்காரர்கள் தாங்களாகவே பார்த்துக்கொள்கிறார்கள் என்று அடுத்த அறிக்கையில் யாராவது பெருமையாக எழுதுவார்கள். அதையே காரணம் காட்டி இனிமேல் பணம் தேவையில்லை என்றும் சொல்வார்கள்.

மேடம் மாறுதலில் போய்விட்டார். புது வருடத்துக்கான முன்மொழிவில் இரண்டு ஊர்களையும் மறுபடி சேர்த்திருக்கிறேன், பராமரிப்பு என்ற தலைப்பில் அல்ல, பள்ளி மாணவர் களப்பயணம் என்று. பேருந்தில் வந்து இறங்கும் பிள்ளைகளையாவது எண்ணிக் கட்டத்தில் எழுதலாம். தம்பியின் மதிப்பூதியத்தையும் அதற்குள் வைத்திருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கோப்பு செக்ஷனைத் தாண்டட்டும் என்று காத்திருக்கிறேன். இன்னொரு தடவை ‘எடுத்துட்டுக் குடுங்க’ என்று சொன்னால் நான் என்ன சொல்வேன் என்பதும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.