அழிந்துபோன ஆந்தைகளுக்கு அட்டவணை போட்ட அனுபவம்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு, அழிந்துபோன ஆந்தைகளின் வகைப்பாட்டு அட்டவணை வேண்டும் என்றார்கள். பறவை பார்க்கப் போகிறவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் சிக்கல், பல பெயர்களுக்குப் பின்னால் முழு எலும்புக்கூடே கிடையாது. மிகப் பழைய ஆந்தைகளில் ஒன்றான ஓகிகாப்டின்க்ஸ் அமெரிக்காவின் கொலராடோவில் கிடைத்தது. வயது சுமார் 6 கோடி ஆண்டு. 1976-இல் பெயர் வைத்தபோது கையில் இருந்தது ஒரே ஒரு கால் எலும்பு, டார்சோமெட்டாடார்சஸ்.

அது பிடிபடாமல் அட்டவணை நகராது. கறிக்கடையில் கோழிக்கால் வாங்கி, சூப் வைத்த பிறகு எலும்பைக் கழுவி எடுத்துக்கொண்டேன். செதில் மூடிய அந்தத் தண்டுக்குள் இருப்பதுதான் டார்சோமெட்டாடார்சஸ். அடிமுனையில் மூன்று குமிழ்கள், மூன்று முன்விரல்களுக்கும் ஆளுக்கொன்று. ஆந்தையில் வெளிவிரல் பின்னாலும் திரும்பும். அதற்கேற்ப வெளிக்குமிழும் பின்பக்கம் வளைந்திருக்கும். மேல்முனையின் முன்பக்கத்தில், தசைநாண் நுழைந்துபோகச் சின்ன எலும்புப் பாலம் இருந்தால், பெரும்பாலான ஆந்தைகள் அடங்கிய ஸ்ட்ரிஜிடே குடும்பம். கூகைகளுக்கு அந்தப் பாலம் இல்லை. படங்களைப் பெரிதாக்கி இதைத் தேடப் பழகிய பிறகுதான் ஆய்வுக் கட்டுரைகள் புரிய ஆரம்பித்தன. பாதிக் கட்டுரைகள் காசு கட்டினால்தான் திறக்கும். எழுதியவருக்கே மெயில் போட்டால் பெரும்பாலும் அனுப்பிவிடுகிறார்கள்.

அடுத்தது கியூபா. கியூபத் தொல்லுயிர் ஆய்வாளர் ஆஸ்கர் அர்ரெதோந்தோ 1958-இல் பெயரிட்ட ஆர்னிமெகலோனிக்ஸ் ஒரு மீட்டருக்கு மேல் உயரம், நீண்ட கால்கள், சரியாகப் பறக்க முடியாத உடம்பு. அந்தக் கால்களைப் பார்த்தால் ஆந்தை என்று யாருக்கும் தோன்றாது. அது ஆந்தைதான் என்று 1961-இல் அமெரிக்கப் பறவை ஆய்வாளர் பியர்ஸ் பிராட்கார்ப் அடையாளம் கண்டார். 1982-இல் இன்னும் மூன்று சிற்றினங்கள் சேர்ந்தன. பின்னால் வந்தவர்கள் அவற்றை ஒன்றாக்கிவிட்டார்கள். நான்கு வரி எழுதியிருந்த இடத்தில் ஒரு வரிதான் மிஞ்சியது. எனக்கென்னவோ அதுதான் நியாயம். ஒரே இனத்துக்குள் சிறியதும் பெரியதும் இருக்காதா என்ன?

தீவு ஆந்தைகள் இன்னும் படுத்தின. இந்தியப் பெருங்கடலில் உள்ள மொரீஷியஸ், ரோட்ரிக்ஸ் தீவுகளின் ஆந்தைகளுக்கு 1994-இல் மாஸ்கரேனோட்டஸ் என்று தனிப் பேரினமே (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) கொடுத்தார்கள். 2018-இல் பழைய டிஎன்ஏ வந்து, இவை சிறிய ஆந்தைகள் அடங்கிய ஓட்டஸ் பேரினத்துக்குள் வளர்ந்து பெருத்தவை என்று காட்டியது. நியூசிலாந்தின் சிரிக்கும் ஆந்தைக்கும் இதே கதை. 1914-இல் கடைசி உடல் கிடைத்த அது, ஸ்கெலோகிளாக்ஸ் என்ற தனிப் பேரினத்தில் இருந்தது. டிஎன்ஏ அதை நினாக்ஸில் சேர்த்துவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நாம் பார்க்கும் வேட்டை ஆந்தையும் அதே பேரினம்தான்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்த பிரிமாப்டின்க்ஸ். 5.5 கோடி ஆண்டுப் பழசு, 2020-இல் பெயர் பெற்றது, தலை தவிர உடம்பின் பெரும்பகுதி இருக்கிறது. இன்றைய ஆந்தைகளின் நகங்கள் ஏறக்குறைய ஒரே அளவு. இதற்கோ பருந்தைப் போல முதல் இரண்டு விரல்களின் நகங்கள் பெரிது. இரையை நகத்தால் குத்திக் கொன்றிருக்கும் என்று ஊகிக்கிறார்கள்.

கடைசியில் அட்டவணையில் 'எந்த எலும்பு?', 'டிஎன்ஏ உண்டா?' என்று இரண்டு நெடுவரிசைகள் கூடுதலாகப் போட்டேன். டிஎன்ஏ இல்லாத வரிகளில் குடும்பப் பெயரைப் பென்சிலால்தான் எழுதியிருக்கிறோம்.