ஸ்டோமாவுக்குப் பிறகு குழந்தை: வார்டில் நான் பார்த்தவை

ஸ்டோமா என்பது மலம் வெளியேறுவதற்காக ஆபரேஷன் செய்து குடலை வயிற்றின் மேல் திறந்துவைக்கும் வழி. அதன்மேல் ஒட்டியிருக்கும் பையில் மலம் சேரும். நான் ஸ்டோமா பராமரிப்பு நர்ஸாக வேலை பார்ப்பதால், நோயாளிகள் கேட்கும் கேள்விகள் எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். எப்போது குளிக்கலாம், பை கசிந்தால் என்ன செய்வது, வாடை வெளியே தெரியுமா, என்ன சாப்பிடலாம்? இருபது, முப்பது வயதில் இருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கும். அதை நேராகக் கேட்கமாட்டார்கள். "சிஸ்டர், இனிமே குப்புறப் படுக்கலாமா?", "வயிறு பெரிசானா இது ஒட்டுமா?" என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். கடைசியில், துணைக்கு வந்தவர் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து, டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள்: "எனக்குக் குழந்தை பிறக்குமா?"

அவர்கள் கேட்கட்டும் என்று நாம் காத்திருக்கக் கூடாது. நாமே பேச்சை எடுக்க வேண்டும், முடிந்தவரை ஆபரேஷனுக்கு முன்பே எடுக்க வேண்டும். இந்த வேலையில் எனக்கு உறுதியாகத் தோன்றும் விஷயம் இது. மனத்தெம்புக்காக மட்டும் சொல்லவில்லை. சில ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்தால்தான் உண்டு. மலக்குடல் புற்றுநோய்க்கு இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு கொடுக்கப் போகிறார்கள் என்றால், ஆண் அதற்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைத்துவிட வேண்டும். பெண்ணுக்குக் கருமுட்டையை உறைய வைக்கலாம். சில சமயம் சினைப்பைகளைக் கதிர் அதிகம் படாத இடத்துக்கு நகர்த்தியும் வைப்பார்கள். கதிர்வீச்சு கருப்பையையும் பாதிக்கும் என்பதால், முட்டை பத்திரமாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் சிகிச்சை முடிந்த பிறகு ஒருவர் தெரிந்துகொள்வதைப் போலக் கொடுமை வேறு இல்லை.

ஸ்டோமா எந்த இடத்தில் வர வேண்டும் என்று வயிற்றில் குறிக்கும் நேரத்தைத்தான் நான் இதற்குப் பயன்படுத்துகிறேன். உட்காரச் சொல்லி, நிற்கச் சொல்லி, குனியச் சொல்லி, மடிப்பு விழாத, அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்துப் பேனாவால் குறிப்போம். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருப்போம். "பிற்பாடு குழந்தை பெத்துக்கிற எண்ணம் இருக்குமா? இப்பவே பதில் சொல்ல வேண்டாம். இருந்தா டாக்டர்கிட்ட முன்னாடியே பேசிடலாம்" என்று கேட்பேன். கல்யாணம் ஆகாதவர்களிடமும் கேட்பேன். அவர்களிடம் கேட்கக் கூடாது என்று யார் சொல்லிவைத்தார்களோ தெரியவில்லை, அவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். குடலில் ஓட்டை விழுந்து அவசரமாக ஆபரேஷனுக்குப் போகிறவர்களிடம் இப்படிப் பேச நேரம் இருக்காது. சரி, அவர்கள் கொஞ்சம் தேறி எழுந்ததும் பேசிவிட வேண்டியதுதான்.

ஸ்டோமா இருப்பதாலேயே குழந்தை பிறக்காமல் போவதில்லை. ஆபரேஷன் இடுப்புக்குள் எவ்வளவு ஆழம் போனது என்பதைப் பொறுத்தது அது. பெருங்குடல் அழற்சிக்காக மலக்குடலை விட்டுவிட்டுப் பெருங்குடலை மட்டும் எடுத்து, இலியோஸ்டமி (சிறுகுடலிலிருந்து வரும் ஸ்டோமா) வைத்த பெண்ணுக்குக் கருப்பையும் சினைப்பையும் அப்படியேதான் இருக்கும். அதன்பிறகு மலக்குடலையும் எடுத்து, சிறுகுடலிலேயே உள்ளே பை செய்து ஆசனவாயோடு இணைக்கும் ஆபரேஷன் நடந்தால், கருக்குழாய்களைச் சுற்றித் தழும்புத்திசு ஒட்டிக்கொள்ளலாம். கருத்தரிக்கும் வாய்ப்பு குறைவது அதனால்தான். வயிற்றில் சிறு துளைகள் மட்டும் போடும் லேப்ராஸ்கோப்பி முறையில் செய்தால் இந்த ஒட்டுதல் குறைவு. குழாயில்தான் சிக்கல் என்பதால், அதைத் தாண்டிப் போகும் ஐ.வி.எஃப். (முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) இவர்களுக்கு நன்றாகவே உதவுகிறது. இதைத் தெரிந்துகொண்டு, முதலில் குழந்தை பெற்றுக்கொள்கிறேன், உள்பை ஆபரேஷனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்த பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் சர்ஜனிடம் போய்ப் பேசிய தெளிவைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

கர்ப்பகாலத்தில் எங்களுக்கு வேலை கூடும். வயிறு பெரிதாகப் பெரிதாக ஸ்டோமா அகலும், நீள்வட்டமாக மாறும், சிலருக்கு வெளியே தள்ளும், சிலருக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். முன்பு வெட்டிய அளவில் ஓட்டை வெட்டினால் பொருந்தாது, அடிக்கடி அளவெடுக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் குனிந்தால் ஸ்டோமாவே கண்ணில் படாது. கண்ணாடியை வைத்துப் பை மாற்றக் கற்றுக்கொடுப்போம். இலியோஸ்டமி உள்ளவருக்கு மசக்கை வாந்தியும் சேர்ந்தால் உடம்பில் நீர் வேகமாக வற்றிவிடும், அதில் மட்டும் அசட்டையாக இருக்கக் கூடாது. வயிற்றுவலியோடு பையில் ஒன்றுமே வராமல் நின்றுபோனால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்வோம், குடல் அடைப்பாக இருக்கலாம். பிரசவம் பலருக்குச் சுகப்பிரசவமாகவே நடக்கிறது.

இதற்கு நேர்மாறான தவறான நம்பிக்கையும் உண்டு. பை வைத்தாயிற்று, இனி எங்கே கர்ப்பம் என்று கருத்தடையைப் பற்றி யாருமே பேசுவதில்லை. சிறுகுடலில் நிறைய எடுக்கப்பட்டிருந்தாலோ பையில் அளவுக்கு மேல் வெளியேறினாலோ கருத்தடை மாத்திரை முழுதாக உடம்பில் சேராமல் போகலாம். உடம்பு தேறும் முன்பே கர்ப்பமாகிவிட்டால் அது இன்னொரு பாரம்.

ஆண்களின் மௌனம் இன்னும் கெட்டியானது. மலக்குடலை எடுக்கும்போது அதை ஒட்டி ஓடும் நரம்புகள் பாதிக்கப்படலாம். விறைப்பு குறையும், அல்லது விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். அப்படிப் போனாலும் சிறுநீரிலிருந்து விந்தணுவைப் பிரித்தெடுத்துக் கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பயன்படுத்த முடியும். நரம்பு தேற ஓராண்டு, 2 ஆண்டுகூட ஆகலாம். இதையெல்லாம் யாரும் சொல்லாததால், முதல் மாதத்திலேயே எல்லாம் முடிந்தது என்று தீர்மானித்து மனைவியைவிட்டு விலகிப் படுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மனைவியோ, தொட்டால் அவருக்கு வலிக்குமோ என்று விலகியிருப்பார். ஸ்டோமாவில் வலி உணரும் நரம்பு கிடையாது, மென்மையாக மேலே பட்டால் ஒன்றும் ஆகாது, முன்னதாகப் பையைக் காலி செய்துவிட்டுச் சின்னப் பையை ஒட்டிக்கொள்ளலாம் என்று இருவரையும் உட்காரவைத்துச் சொன்னதும் அறையின் இறுக்கமே தளர்ந்துவிடும்.

ஆனாலும் எங்கள் பேச்சுக்கு ஓர் எல்லை இருக்கிறது. இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்தவர்களில் முதன்மையானவர் நார்மா கில். இலியோஸ்டமி செய்துகொண்ட நோயாளி அவர். 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல் அவரை மற்ற நோயாளிகளுக்கு உதவும் வேலையில் சேர்த்துக்கொண்டார். அது எவ்வளவு சரியான யோசனை என்று இன்றும் பார்க்கிறேன். பையோடு கர்ப்பமாகிப் பிள்ளை பெற்ற ஒருவரை, சம்மதம் கேட்டு, புதிதாக ஆபரேஷன் ஆனவரின் பக்கத்தில் உட்காரவைத்தால், நான் பேசிப் பேசிக் கொடுக்க முடியாத தைரியத்தை அவர் வந்து உட்கார்ந்தே கொடுத்துவிடுகிறார்.

குழந்தை பிறக்கும் என்ற பதில் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கதிர்வீச்சுக்குப் பிறகு வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்ட பெண்ணிடம், அதே நாளில் தத்தெடுக்கலாமே என்று ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஆறுதல் சொல்கிறோம் என்று நினைத்து அவர் அழக்கூட இடம் கொடுக்காமல் செய்துவிடுகிறார்கள். அவரை மனநல ஆலோசகரிடம் அனுப்பும்போது கணவரையும் கூடவே போகச் சொல்கிறேன். அவர் வெளியே பெஞ்சில் காத்திருப்பவராக மட்டும் இருக்கக் கூடாது, இழந்தது அவரும்தான்.