மதிப்பீட்டாளர் பார்த்த வீடும் வாங்க வந்தவர்கள் பார்த்த வீடும்

வீட்டை விற்பதென்று முடிவான பிறகு சமையலறையை அடியோடு மாற்றினோம். பழைய ஒயரிங்கையும் தண்ணீர்க் குழாய்களையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டோம். கடைசியில் வீடு முழுக்கப் பெயின்ட் அடித்தோம். எந்தச் செலவு விலையை எவ்வளவு தூக்கும் என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கணக்கு.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நேராகச் சமையலறைக்குத்தான் போனார்கள். ஓர் அம்மா இழுப்பறையைத் திறந்து லேசாகத் தள்ளினார். அது சத்தமில்லாமல் தானாக மூடிக்கொண்டதும் மறுபடி இழுத்துப் பார்த்தார். விலை பேச ஆரம்பித்ததும் அவர் கணவர்தான். புதிய ஒயரிங்கைப் பற்றி நான் சொன்னபோது இருவரும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். ஆனால் அது பழையதாக இருந்திருந்தால் அதைக் காட்டியே விலையைக் குறைத்திருப்பார்கள். சுவருக்குள் போகும் பணம் ஆசையைத் தூண்டாது, பேரத்துக்குத்தான் அணை போடும்.

விலை முடிவாகி முன்பணமும் கைமாறியது. வாங்குகிறவர் கடனுக்கு விண்ணப்பித்த வங்கி மதிப்பீட்டாளரை அனுப்பியது. அவர் இழுப்பறை பக்கமே போகவில்லை. லேசர் கருவியால் அறை அறையாக அளந்தார், குளியலறைக் கூரையின் மூலையில் ஈரக்கசிவு தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்தார், தரை டைல்ஸைத் தட்டிப் பார்த்தார், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேட்டார். அங்கேதான் சிக்கல். பின் வராந்தாவை முன்பிருந்த உரிமையாளர் சுவர் எழுப்பி அறையாக்கியிருந்தார். அது வரைபடத்தில் இல்லை. வாங்க வந்தவர்கள் மகனுக்கென்று மனதில் ஒதுக்கிவிட்ட அறை அது. மதிப்பீட்டாளரின் பரப்பளவுக் கணக்கிலோ அதற்கு இடமே இல்லை.

பொறுமையான மனிதர், கேட்டதற்கெல்லாம் விளக்கம் சொன்னார். அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற இதே போன்ற வீடுகளின் விலையை எடுத்துக்கொண்டு, பரப்பளவு, அறைகள், குளியலறைகள், கட்டடத்தின் வயது, நிலை ஆகியவற்றில் உள்ள வேறுபாடுகளுக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பார்களாம். நாம் எவ்வளவு செலவழித்தோம் என்பது அதில் வராது. அந்த வசதிக்காக அந்தப் பகுதியில் வாங்குகிறவர்கள் கூடுதலாக எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதே கணக்கு. தெருவிலேயே மிக உயர்தரமான சமையலறை நம்முடையது என்றால், அதற்குக் கொட்டிய பணத்தில் ஒரு பகுதி திரும்பாது. பெயின்டுக்கு, நன்றாகப் பராமரிக்கப்பட்ட வீடு என்ற குறிப்பைத் தவிர எதுவும் கிடைக்காது. யாரும் கண்டுகொள்ளாத ஒயரிங்குக்கும் குழாய்களுக்கும் மட்டும் அவர் ரசீது கேட்டார். அவை கட்டடத்தின் உண்மையான வயதை மாற்றாவிட்டாலும், நடைமுறையில் கணக்கிடும் வயதைக் குறைத்துக்காட்ட உதவுமாம்.

அறிக்கை வந்தபோது மதிப்பு பேசிய விலைக்குக் கீழே நின்றது. விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதை வைத்தே அந்த வங்கி கடன் கொடுக்கும். மீதியை வாங்குகிறவர் கையிலிருந்து போட வேண்டும். அவர் பின்வாங்கப் பார்த்தார்.

தரகர் சொன்ன யோசனைப்படி, வாங்குகிறவர் மூலமாகவே வங்கியிடம் மறுபரிசீலனை கேட்டோம். புலம்பல் கடிதம் எழுதினால் குப்பைக்குத்தான் போகும் என்று தரகர் எச்சரித்திருந்தார். அதனால் வேலைகளின் பட்டியல், முடித்த தேதிகள், முதலில் தேடியெடுக்க முடியாத ரசீதுகள், ஒப்பீட்டில் விடுபட்டிருந்த அடுத்த தெரு விற்பனை ஒன்றின் விவரம் ஆகியவற்றை மட்டும் இணைத்தோம். அந்த விற்பனையைச் சேர்த்ததில் மதிப்பு ஓரளவு ஏறியது. வராந்தா அறை விஷயத்தில் மட்டும் மதிப்பீட்டாளர் அசைந்துகொடுக்கவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் சரி. அனுமதியில்லாத அறையை நாளை யாராவது இடிக்கச் சொன்னால் அடமானத்தின் மதிப்பும் கூடவே இடியும்.

எஞ்சிய இடைவெளியில் நாங்கள் பாதியைக் குறைத்துக்கொண்டோம், பாதியை வாங்குகிறவர் கையிலிருந்து போட்டார். வராந்தாவுக்கு அனுமதி வாங்கும் பொறுப்பு அவருடையது என்று ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதிக் கையெழுத்திட்டோம்.