எலும்புவழிக் கருவி: அறுவைக்கு முன் பார்க்க வேண்டியவை

எலும்புவழிக் கருவி ஒலியை அதிர்வாக்கி, மண்டையோட்டு எலும்பு வழியாக உள்காதுக்கு அனுப்பும். கேட்புச் சோதனை முடிவைக் காட்டும் ஆடியோகிராம் தாளில் ஒவ்வொரு காதுக்கும் இரண்டு கோடுகள் இருக்கும். ஹெட்போன் மாட்டிச் சோதித்தது காற்றுவழி. காதுக்குப் பின்னால் அதிர்வான் வைத்துச் சோதித்தது எலும்புவழி. காற்றுவழி 60 டெசிபலிலும் எலும்புவழி 15-லும் இருந்தால் உள்காது நன்றாக இருக்கிறது, ஒலி அங்கே போகும் பாதைதான் அடைபட்டிருக்கிறது. காதுத்துளை இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கும், சீழ் நிற்காததால் காதுக்குள் எதையும் செருக முடியாதவர்களுக்கும் எலும்புவழிக் கருவி கைகொடுப்பது இதனால்தான். பலர் காற்றுவழி எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுகிறார்கள். இங்கே தீர்மானிப்பது எலும்புவழி எண்: தோலுக்கடியில் பதிக்கும் கருவிகளான போன்பிரிட்ஜுக்கு அது 45 டெசிபல் வரை இருக்கலாம், ஓசியாவுக்கு 55 வரை.

குழந்தைக்கு மண்டையோடு மெல்லியது. அமெரிக்காவில் 5 வயதுக்குப் பிறகே பதிக்க அனுமதி. அதுவரை காத்திருக்கவே கூடாது. பேச்சு வளரும் வயது அது. கைக்குழந்தைக்கே சாஃப்ட்பேண்ட் கட்டலாம், அதாவது அறுவையின்றிக் கருவியைத் தலையில் பிடித்துவைக்கும் மென்பட்டை. பட்டைக்கடியில் ஒரு விரல் நுழையும் இறுக்கம் போதும். கருவி காதுமடலில் உரசினால் கீச்சென்று கத்தும். பெரியவர்களும் அறுவைக்கு முன் இதே கருவியை வீட்டிலும் வேலையிடத்திலும் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

பதிக்கும் வகைகளில் ஒன்று, 1977-இல் ஸ்வீடனின் கோதன்பர்கில் தொடங்கிய, தோலைத் துளைத்து நின்று கருவியைத் தாங்கும் டைட்டானியம் திருகு. நீளம் 3 அல்லது 4 மி.மீ.தான். துளையிடும்போது உப்புநீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். சூடேறினால் எலும்புச் செல்கள் செத்து, திருகு பிடிக்காது. ஒலி நேராகப் போவதால் கேட்பதில் இதற்கே என் முதலிடம். ஆனால் திருகைச் சுற்றி தினமும் மென்தூரிகையால் சுத்தம் செய்தாக வேண்டும். விட்டால் பொருக்குத் தட்டும், சீழ் பிடிக்கும், சிலருக்குத் தோல் வளர்ந்து திருகையே மூடும்.

உள்ளே பதித்த காந்தத்தைத் தோல் மூடியிருக்கும் வகையில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதிர்வான் வெளியே இருந்தால் தோல் அதிர்வை விழுங்கிவிடும். 'ஸ', 'ஷ' போன்ற உச்ச ஒலிகள்தான் முதலில் போகும். போன்பிரிட்ஜிலும் ஓசியாவிலும் அதிர்வான் உள்ளேயே இருப்பதால் அந்த இழப்பில்லை. பழைய போன்பிரிட்ஜுக்கு எலும்பில் 8.7 மி.மீ. ஆழம் தேவைப்பட்டது, புதியதற்கு 4.5 மி.மீ. போதும். எந்த போன்பிரிட்ஜானாலும் சிடி ஸ்கேனில் இடம் பார்க்காமல் பதிக்கக் கூடாது.

காந்தம் பட்ட இடம் சிவந்து வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், வலிமை குறைந்த காந்தம் கேளுங்கள். கருவி அட்டையை எப்போதும் கையில் வையுங்கள். எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் எத்தனை டெஸ்லா (ஸ்கேன் காந்தத்தின் வலிமை) வரை தாங்கும், காந்தத்தை எடுக்க வேண்டுமா என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும்.