கடலுக்குப் போவீங்களா என்று கேட்டார்கள்

பி.எஸ்சி. தாவரவியல் படித்தவர்களுக்குப் போர்பைரா என்ற சிவப்புக் கடற்பாசி ஞாபகம் இருக்கும். ஜப்பானில் சோற்றைச் சுற்றிச் சாப்பிடுகிற நோரி அந்த வகைப் பாசியிலிருந்துதான் வருகிறது. அதன் வாழ்க்கைச் சுழற்சியில் காங்கோசீலிஸ் என்று ஒரு பருவம் உண்டு. தேர்வில் படம் வரையச் சொல்வார்கள். அதைக் கண்டுபிடித்தவரின் பெயர் நான் படித்த புத்தகத்தில் இல்லை. ராமநாதபுரத்தில் தற்காலிக விரிவுரையாளராகப் பாடம் எடுக்கிற நான், அந்தப் பெயரைச் சொல்லாமல் அந்தப் பக்கத்தைத் தாண்டுவதில்லை.

கேத்லீன் ட்ரூ பேக்கர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பாசி ஆராய்ந்தவர். 1928இல் கல்யாணம் ஆனது. மணமான பெண்களை அப்போது அங்கே வேலையில் வைத்துக்கொள்வதில்லை என்பதால் சம்பள வேலை போயிற்று. ஆராய்ச்சியை மட்டும் அவர் விடவில்லை, ஊதியமில்லாமல் தொடர்ந்தார். சிப்பி ஓட்டுக்குள் ஊடுருவி வளரும் காங்கோசீலிஸ் என்ற நுண்பாசியைத் தனி இனம் என்றே அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது போர்பைராவின் இன்னொரு பருவம்தான் என்று 1949இல் நேச்சர் இதழில் எழுதினார். நோரிக்கு விதை எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல், கிடைத்த வருஷம் அறுத்துக்கொண்டிருந்த ஜப்பானியர்கள் அதன் பிறகுதான் சிப்பியில் நாற்று வளர்க்கக் கற்றார்கள். 1963இல் ஊட்டோ என்ற ஊரில் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்தார்கள். இன்றும் ஏப்ரல் 14 அன்று அங்கே கூடி வணங்குகிறார்கள். அவர் 1957இலேயே இறந்துவிட்டார். ஜப்பானுக்குப் போனதே இல்லை.

சம்பளம் இல்லாமலும் சாதித்தாரே என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவருடைய கணவரும் மான்செஸ்டரிலேயே கல்விப் பணியில் இருந்தவர், வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்த வசதி இல்லாத எத்தனை பேர் நுண்ணோக்கியை மூடிவைத்துவிட்டுப் போனார்களோ.

என் அம்மா பாம்பன் பக்கம் பாசி எடுத்தவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்களில், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறை இடுக்கில் மூழ்கி எடுப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசி எங்கே தழைக்கும், கஞ்சிப்பாசி எப்போது கிடைக்கும், எவ்வளவு விட்டுவைத்தால் மறுபடி வளரும் என்பதெல்லாம் அந்தப் பெண்களுக்கு அத்துப்படி. பாசி எடுக்கிற சின்னப்பாலம் லட்சுமிக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தருகிற சீகாலஜி விருது 2015இல் கிடைத்தபோது எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது. 1947இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் ஆரம்ப காலத்தில் பல வருஷம் இங்கே மண்டபத்தில்தான் இருந்தது. அந்த அலுவலக வாசலைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ஆராய்ச்சி ஆசை வந்தது.

முனைவர் பட்டம் வாங்கினேன். பிள்ளை பிறந்தது. இடைவெளிக்குப் பிறகு, மரிக்கொழுந்தை அறுத்த பாறையில் அது மறுபடி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்க்க ஒரு திட்டம் எழுதி, நிதி கேட்டு நேர்காணலுக்குப் போனேன். “குழந்தை சின்னதா இருக்கே, யார் பாத்துப்பாங்க?” என்றார் ஒருவர். “கடலுக்குப் போகணுமே, போவீங்களா?” என்றார் இன்னொருவர். கழுத்தளவு தண்ணீரில் நின்று என்னைப் படிக்க வைத்தவரின் மகளிடம் இந்தக் கேள்வி. கடைசி ஐந்து வருஷத்தில் கட்டுரைகள் குறைவு என்றார்கள். திட்டத்தில் மாதிரி எடுக்கும் முறையைப் பற்றி ஒரு கேள்வி வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நிதியும் வரவில்லை.

இது என் ஒருத்தியின் மனக்குறை என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். கனடாவில் மருத்துவ ஆராய்ச்சி நிதிக்கு வந்த 23,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அலசி 2019இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. திட்டத்தை முதன்மையாகப் பார்த்து மதிப்பிட்டபோது ஆண், பெண் வெற்றி விகிதத்தில் வேறுபாடு ஒரு சதவீதப் புள்ளிக்கும் குறைவு. ஆளின் தகுதியை முதன்மையாகப் பார்த்தபோது அது நான்கு புள்ளி. ஹப்பிள் தொலைநோக்கியில் நேரம் ஒதுக்குவதற்கு 2018இல் விண்ணப்பதாரர் பெயரை மறைத்துப் பார்த்தார்கள். தலைமை ஏற்ற பெண்களின் வெற்றி விகிதம் அந்தத் தடவை ஆண்களைத் தாண்டியது. பெண்களின் அறிவு ஒரே வருஷத்தில் கூடிவிட்டதா என்ன?

நம் நாட்டிலும் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். வேலையில் இடைவெளி விழுந்த பெண்களுக்காக மத்திய அரசின் அறிவியல் துறை தனித் திட்டம் கொண்டுவந்தது. முனைவர் பட்ட மாணவிகளுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு தரலாம் என்று 2016இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதியும் வந்தது. நல்லது. ஆனால் பெண்களுக்கென்று தனியாக ஒரு சின்னப் பெட்டி வைத்துவிட்டு, பெரிய பெட்டியில் பழைய கேள்விகளையே கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி? முதல் சுற்றில் பெயரை மறைத்துத் திட்டத்தை மட்டும் படியுங்கள். ஐந்து வருஷம் என்று எண்ணும்போது விடுப்பில் இருந்த காலத்தைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். வீட்டில் யார் குழந்தையைப் பார்ப்பார்கள் என்ற கேள்வியைத் தடை செய்யுங்கள். இதற்கெல்லாம் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

என் வகுப்பில் முக்கால்வாசி பெண் பிள்ளைகள். அதில் ஒருத்தி முதுநிலை முடிக்கப் போகிறாள். “வீட்ல மாப்பிள்ளை பாக்குறாங்க மேம், ஜேஆர்எஃப் எழுதவா வேணாமா?” என்றாள். ஜேஆர்எஃப் என்பது இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேர்வு. எழுது, பெண்களுக்கு வயது வரம்பில் ஐந்து வருஷச் சலுகை இருக்கிறது என்றேன். அப்புறம் என் பழைய திட்டத்தை அவளிடமே கொடுத்துத் திருத்தச் சொல்லியிருக்கிறேன், மறுபடி அனுப்பப் போகிறோம். இந்த முறை செலவுக் கணக்கில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: பாசி எடுக்கும் பெண்கள் நான்கு பேருக்குக் களப்பணி ஊதியம். எந்தப் பாறையில் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குக் காட்டப்போவது அவர்கள்தானே.