பேக்கமன் பலகை: காயில் தொடங்கி அளவெடுங்கள்

பேக்கமன் என்பது இருவர் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம். அதற்குப் பலகை செய்ய உட்காரும் பலர் முதலில் பெட்டியை அளந்துவிட்டுப் பிறகு அதற்குக் காய் தேடுகிறார்கள். இது தலைகீழ் வேலை. காயின் விட்டம்தான் எல்லா அளவுக்கும் தாய்.

40 மி.மீ. காய் என்று வைத்துக்கொள்வோம். பலகையின் ஒரு கால்பகுதியில், காய்கள் நிற்கும் முக்கோணம் ஆறு. ஆறு காய் பக்கம் பக்கமாக 240 மி.மீ. பிடிக்கும். உள் அகலம் 244 வையுங்கள். சரியாக 240 வைத்தால் ஆறாவது காய் இறங்காது, விளிம்பில் ஏறி நிற்கும். 255க்குப் போனால் காய்கள் நகர்ந்து, எந்த முக்கோணத்தில் நிற்கிறது என்றே சந்தேகம் வரும். உயரவாக்கில் இருபுறமும் ஐந்தைந்து காய், அதாவது 400. நடுவில் விரல் நுழைய 40, 50 மி.மீ. விடுங்கள். ஒரே முக்கோணத்தில் ஆறாவது காய் வந்தால் மேலே அடுக்கத்தான் வேண்டும். வெட்டுப்பட்ட காய் உட்காரும் நடுச்சட்டம் காயைவிடச் சற்றே அகலமாக, 45 மி.மீ. இருக்கட்டும். மடிக்கும் பலகையில் கீல் இங்கேதான் வரும். அது துருத்திக்கொண்டிருந்தால் காய் ஆடும்.

அதிகம் தவறுவது நிறத்தில். 24 முக்கோணங்களும் வரிசையாக நிறம் மாறி மாறி வர வேண்டும், நடுச்சட்டத்தைத் தாண்டும்போதும்கூட. ஒரு மூலையில் 1 எனத் தொடங்கி, பலகையைச் சுற்றி வந்து அதற்கு நேர் எதிரே 24 என எண்ணினால், 6ஆவது கறுப்பென்றால் 7ஆவது வெளுப்பு. எதிரெதிர் முக்கோணங்களின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 25. ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை. ஆகவே எதிரெதிரே ஒரே நிறம் வரவே கூடாது. முக்கோணங்கள் வரைந்த அச்சுத்தாளைக் கண்ணாடி பிம்பம்போல் திருப்பிப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். உண்மையில் வலப்பாதியும் இடப்பாதியும் அச்சு அசலாக ஒன்றே. தாளைப் புரட்டாமல் அப்படியே நகர்த்தி வையுங்கள்.

இந்த நிறமாற்றத்தை வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது, ஆட்டக்காரர் எண்ணுவதே இதை வைத்துத்தான். இரட்டைப்படை விழுந்தால் காய் அதே நிறத்தில் இறங்கும்: 24இலிருந்து ஆறு நகர்ந்தால் 18. ஒற்றைப்படை என்றால் நிறம் மாறும்: 13இலிருந்து ஐந்து நகர்ந்தால் 8. பழகிய கண் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணாது. நிறம் பிசகிய பலகையில் அந்தக் கண்ணே ஆளை ஏமாற்றும்.

முக்கோணங்களின் இரண்டு நிறங்களும் காய்களின் இரண்டு நிறங்களும் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கட்டும். கறுப்பு முக்கோணத்தில் கறுப்புக் காய் ஐந்தா நான்கா என்று குனிந்து பார்க்க நேர்ந்தால் அந்தப் பலகை எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

ஆரம்ப அடுக்கு ஒவ்வொருவருக்கும் 15 காய், அவரவர் பக்கத்திலிருந்து எண்ணி: 24இல் 2, 13இல் 5, 8இல் 3, 6இல் 5. ஒவ்வொரு எண்ணையும் அதில் நிற்கும் காய்களால் பெருக்கிக் கூட்டினால் 167 வர வேண்டும். வராவிட்டால் முதலில் 8ஐயும் 6ஐயும் பாருங்கள், அங்கேதான் காய்கள் இடம் மாறியிருக்கும்.

முக்கோணங்களைத் தைத்து ஒட்டுவதானால் விளிம்பு தடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடித்த தையலில் பகடை சாய்ந்து நிற்கும். சாய்ந்த பகடை செல்லாது, மறுபடி உருட்ட வேண்டும்.