நடுச்செவி அறுவைக்கு முன் ஸ்கேனைப் படித்தல்

காதில் சீழ் வடிகிறது என்று வருபவருக்கு உடனே ஸ்கேன் எழுதித் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் காதைச் சுத்தம் செய்து, நுண்ணோக்கியில் செவிப்பறையைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நடுவில் வெறும் துளை மட்டும் இருந்து, காதும் உலர்ந்திருந்தால், பெரும்பாலும் ஸ்கேன் இல்லாமலேயே அறுவை செய்துவிடலாம். ஆனால் செவிப்பறையின் மேல்பகுதி உள்வாங்கி, அந்தக் குழியில் வெண்செதில்கள் அடைந்திருந்தால், அது கொலஸ்டியடோமாவாக, அதாவது தோல்செதில்கள் சேர்ந்து வளர்ந்து எலும்பை அரிக்கும் கட்டியாக, இருக்கக்கூடும்.

அப்போது பொட்டெலும்பின் சி.டி. ஸ்கேனை, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள வெட்டுகளாக எடுக்கச் சொல்கிறேன். காதுக்குழாயின் மேல்விளிம்பில் கூர்மையாக இருக்கவேண்டிய ஸ்கூட்டம் என்னும் எலும்பு முனை மழுங்கியிருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் தேடும். பிறகு சுத்தி, பட்டடை எலும்புகள், மூளையைக் காதிலிருந்து பிரிக்கும் மெல்லிய எலும்புக் கூரை என்று பார்வை நகரும்.

அதிக நேரம் நிற்பது, உட்செவியில் உடல் சமநிலையை உணரும் பக்கவாட்டு அரைவட்டக் குழாயில்தான். அதன் வெளிச்சுவர் ஒரு மெல்லிய வெண்கோடாகத் தெரியவேண்டும். காதை அழுத்தினால் தலை சுற்றுகிறது என்று சொன்ன ஒருவரின் படத்தில் அந்தக் கோடு ஓரிடத்தில் அறுந்திருந்தது. அதை அறியாமல் அங்கே படிந்திருக்கும் நோய்ச்சவ்வைப் பிடித்து இழுத்தால், உட்செவி திறந்து, கேட்கும் திறனே நிரந்தரமாகப் போய்விடலாம். அதனால் மற்ற வேலைகளையெல்லாம் முடித்துவிட்டு, கடைசியில்தான் அந்த இடத்தைத் தொட்டேன்.

சி.டி.க்கு ஒரு பெரிய குறை உண்டு: நீர், வீங்கிய சவ்வு, கொலஸ்டியடோமா மூன்றும் அதில் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். திசுவில் நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் முறை எம்.ஆர்.ஐ.யில், குறிப்பாக எக்கோ பிளானர் என்னும் அதிவேகப் படமெடுப்பு அல்லாத வகையில், கொலஸ்டியடோமாவின் செதில்களில் உள்ள கெரட்டின் என்னும் புரதம் வெள்ளையாக ஒளிர்வதால் அதைத் தனியே அடையாளம் காணலாம். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கும் சிறியதாக இருந்தால் தவறிப்போகலாம். முதல் அறுவைக்குப் பின் நோய் மீண்டும் வந்ததா என்று அறிவதற்காகவே காதை மறுபடி திறந்து பார்க்கும் நிலை இந்தப் படத்தால் பலருக்குத் தவிர்கிறது. எனக்கு இது மிகுந்த நிம்மதி தருகிறது.

முகத் தசைகளை இயக்கும் முக நரம்பு நடுச்செவி வழியே செல்கிறது. அதை மூடியிருக்கும் எலும்பு உறை மிக மெல்லியது என்பதால், அதில் இருக்கும் திறப்பு சி.டி.யில் தெரியாமல் போவதுண்டு. உறை முழுமையாக இருப்பதாக அறிக்கை சொன்னாலும், நரம்பு திறந்து கிடப்பதாகவே எண்ணித்தான் அந்த இடத்தில் கருவியை நகர்த்துகிறேன்.